கேக் படத்தோடு வந்த மன்னிப்பு

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, தம்பி.

ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாம் யூதர்கள் இருக்கும் யோம் கிப்பூர் நோன்பு தொடங்கும் மாலையில், குடும்ப வாட்ஸப் குழுவில் உன் செய்தி வந்தது. ‘யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்.’ கூடவே கேக், மதுக்கோப்பை, ஆடும் பெண் படங்கள். தண்ணீர்கூடக் குடிக்காத நாளுக்குக் கேக்கா?

அப்பாவை அடக்கம் செய்தபோது நீ வராததையும் அந்த ‘யாரையாவது’க்குள் சேர்த்துவிட்டாயா?

அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு எதுக்குடி ஆடுறா?”

“கை தவறி அனுப்பியிருப்பான்மா.”

“போகட்டும், மன்னிப்பு கேட்டுட்டான்ல” என்று சொல்லி அழுதாள்.

உனக்காக நான் சொன்ன பொய்க்கும் சேர்த்து நோன்பிருந்தேன். அம்மா மன்னித்துவிட்டாள். நான் மன்னிக்கவில்லை. இனிப் படம் எதுவும் அனுப்பாதே. ஹைஃபாவில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேள்.

உன் அக்கா