சுவரில் எரியும் பச்சை விளக்கு

ஜனவரி 8

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. "எம் பொண்ணு ராணுவத் தலைமையகத்துல வேலை பாக்குறா" என்று காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

எனக்கு வரைபட அறையில் வேலை. சுவர் முழுக்க நாட்டின் எல்லை. ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு பச்சை விளக்கு. விமானங்கள் உணவு மூட்டைகளை எங்கே போடுவது என்பதுகூட இந்தச் சுவரைப் பார்த்துத்தான். மலை உச்சியில் எரிவது நீ. காலையில் யாரும் பார்க்காதபோது உனக்கு ஒரு வணக்கம் வைக்கிறேன்.

போன கடிதத்துக்கே நீ பதில் போடவில்லை. இதற்காவது போடு.

உன் தங்கை

ஜனவரி 27

தங்கச்சிக்கு,

யாருக்கு வணக்கம் வைக்கிறாய்? உச்சியில் பனிதான் இருக்கிறது. பனிச்சரிவில் கூடாரங்கள் போய், நவம்பரிலேயே கீழே இறங்கிவிட்டோம். வயர்லெஸ்ஸில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. மூட்டைகள் இன்னும் உச்சியிலேயே விழுகின்றன. ரொட்டிக்காக இடுப்பளவு பனியில் ஏறுகிறோம். போன வாரம் எங்கள் சமையல்காரர் சறுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். "மேல இருக்கிறவங்க நம்மள இன்னும் மேலயே வச்சிருக்காங்கப்பா" என்று அந்த வலியிலும் சிரிக்கிறார்.

உன் கட்டடத்தில் அத்தனை ஜன்னல் இருக்கிறதே, கண் ஒருவருக்கும் இல்லையா? போய்ச் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

சொன்னேன். அறை அதிகாரியின் மேசை முன்னால் நின்று, வியர்த்து, பாதியை விழுங்கிச் சொன்னேன். "தெரியும்மா" என்றார். தெரியுமாம்!

"அடுத்த மாசம் அமைச்சர் பார்வையிட வர்றார். இப்போ விளக்கைக் கீழ இறக்கினா உச்சியையே விட்டுட்டோம்னு ஆயிடும். அவர் வந்துட்டுப் போகட்டும்."

"சரி சார்" என்று என் இடத்துக்கே திரும்பிவிட்டேன். இங்கே தரை அப்படிப் பளபளக்கிறது. என் செருப்புச் சத்தத்துக்கே மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள் அண்ணா.

உன் தங்கை

மார்ச் 1

பொறுத்துக்கொண்டிருந்தவர் போய்விட்டார். சமையல்காரரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் முனகல் நின்றுவிட்டது.

நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நீ. வாயைத் திறக்க உதவாத படிப்பு எதற்கு? இனி எனக்கு எழுதாதே.

மார்ச் 23

அண்ணா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

அமைச்சர் வந்தார். ஜெனரல் கோலால் உச்சியைத் தொட்டு, "நம்ம பசங்க இங்க நிக்கிறாங்க" என்றார்.

"அங்க யாரும் இல்ல சார்."

என் குரல்தான். "இறங்கி நாலு மாசம் ஆச்சு. மூட்டை எடுக்க மறுபடி ஏறினதுல ஒருத்தர் செத்துட்டார்."

அமைச்சர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அன்று மாலையே வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அம்மாவிடம் விடுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

விடுப்பில் வந்த உன் கூடாரத் தோழர் நேற்று போன் செய்தார். மூட்டைகள் இப்போது உங்கள் காலடியிலேயே விழுகின்றனவாம். விளக்கு மட்டும் இன்னும் உச்சியில்தான் எரிகிறது என்று கூட வேலை பார்த்த அக்கா சொன்னாள். நன்றாக எரியட்டும்.

"அவன் நல்லா இருக்கான்மா. உன் பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து போயிடுறான்" என்றார் தோழர்.

ஜெனரலை உன்னால் திட்ட முடியாது. அமைச்சரைத் திட்ட முடியாது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் உனக்குத் திட்டக் கிடைத்தவள் நான் ஒருத்திதான். எனக்கும் கோபம் வரும் அண்ணா, வந்திருக்கிறது. இன்னும் திட்ட வேண்டுமானால் திட்டு. ஆனால் சாப்பிட்டாயா இல்லையா என்று, உன் கையால், ஒரு வரி எழுது.

தங்கை