இருபத்தைந்து ஆண்டு முத்திரை

செம்பள்ளம் குடியிருப்பு, செவ்வாய்
பதிவாளர்: மங்கையர்க்கரசி

ஆண்டு 38, நாள் 211. காலை

காற்று போதுமான அளவு. தண்ணீர்ச் சுத்திகரிப்பில் ஒரு வடிகட்டி அடைத்துக்கொண்டது, மாற்றியாயிற்று. வெளியே புழுதி. கீரைத் தட்டுகளில் மறுபடியும் பூஞ்சை. நான்கு பேர் என்னிடம் வந்து புகார் சொன்னார்கள். பதிவாளர் என்றால் பூஞ்சைக்கும் பொறுப்பு என்று நினைப்பு.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். இங்கே நான் எழுதுவது எழுதிய கணமே முத்திரையாகிவிடும். இருபத்தைந்து ஆண்டு யாராலும் திறக்க முடியாது, தலைவராலும் முடியாது. பிறகு அது அன்றைய தலைவருக்கு மட்டும் தானாகத் திறக்கும்; அவர் அதைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டும். அதுவரை நானும் வாய் திறக்கக் கூடாது; சத்தியம் செய்துதான் வேலையில் சேர்ந்தேன். பழைய சீன அரண்மனைகளில் சக்கரவர்த்தியின் அன்றாடச் செயல்களைக் குறித்து வைப்பவர்கள் இருந்தார்கள். அந்தக் குறிப்பைச் சக்கரவர்த்தி பார்க்கக் கூடாது என்பது மரபு. இந்த ஊரை நிறுவியவர்களில் பாதிப் பேர் சீனர்கள். விதி அங்கிருந்து வந்தது.

ஆண்டு 38, நாள் 212. மதியம்

தலைவர் ஷென் யூவுக்கு இன்று இருபத்திரண்டு வயது. கேக் என்ற பெயரில் பாசி மாவு. காற்றும் தண்ணீரும் என் அண்ணன் வைரவநாதன் கையில். காற்று யார் கையில் இருக்கிறதோ அவர்தான் இங்கே தலைவர். அந்தப் பையன் கையெழுத்துப் போடுவதோடு சரி.

அவன் அப்பாவும் யோக்கியர் இல்லை. நிறுவனர் குடும்பத்திடமிருந்து நாற்காலியைப் பறித்தவர். பறித்த விதம் மட்டும் அழகு: பழைய தலைவர் தாமாகவே கொடுத்தார், இவர் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்து, கடைசியில் ஏற்றுக்கொண்டார். எல்லோரும் கை தட்டினோம்.

நான் சீன வரலாறு படித்தவள், எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சாவோ குடும்பம் ஹான் வம்சத்திடமிருந்து சிம்மாசனத்தை வாங்கியபோது இதே நாடகம்தான். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து சிமா குடும்பம் சாவோக்களிடமிருந்து அதே மாதிரி வாங்கியது. யார் திருடர் என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் இல்லை. பல நூற்றாண்டு கழித்து வேறொரு வம்சம் வடக்கை ஆண்டபோது, அதன் அறிஞர்கள் தங்களைப் போலவே வடக்கை ஆண்ட சாவோக்களை முறையான அரசர்கள் என்றார்கள். அந்த வம்சம் வடக்கை இழந்து தெற்கே ஓடி வந்த காலத்தில் அதே சாவோக்கள் திருடர்கள் ஆனார்கள். வரலாறு தீர்ப்புச் சொல்லும் என்கிறோம். தீர்ப்பு எழுதுபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆண்டு 38, நாள் 214. காலை

பையன் பொறுமை இழந்துவிட்டான். மூன்று காவலர்களோடு நாலாம் நடைவழியில் காற்று நிலையத்தை நோக்கி வந்தான். உள்தொடர்பில் நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

வைரவநாதன்: "ஞானம், நாலாம் நடைவழிக் கதவை ரெண்டு பக்கமும் மூடு. காத்தை இழுத்துடு."

கதவு இயக்குபவர் ஞானதிரவியம்: "சார், உள்ள தலைவர் இருக்காரு."

வைரவநாதன்: "மூடுன்னு சொல்றேன்ல. பொறுப்பு என்னுது."

கதவு மூடியது. நால்வரும் இறந்தார்கள். உள்தொடர்பின் மற்றப் பதிவுகளை அண்ணன் அழித்துவிட்டான். இந்த உரையாடல் இனி இங்கே மட்டும்தான் இருக்கிறது.

ஷென் யூவை என் அண்ணன் கொன்றான். எழுதிவிட்டேன்.

ஆண்டு 38, நாள் 214. மாலை

சபையில் அண்ணன் அழுதான். பொய்க் கண்ணீர் இல்லை. அவனை எனக்குத் தெரியும். அழுது முடித்துவிட்டு ஞானதிரவியத்தைக் கைது செய்யச் சொன்னான். தன் இஷ்டத்துக்குக் கதவை மூடினானாம். நாளை விசாரணை. தண்டனை, காற்று உடை இல்லாமல் வெளிக்கதவு வழியே அனுப்புவது.

இதையும் நான் ஏற்கனவே படித்திருக்கிறேன். சாவோ வம்சத்து இளம் சக்கரவர்த்தி ஒருவன் சிமாவை எதிர்த்து வாளோடு தேரில் கிளம்பினான். சிமாவின் ஆள் ஈட்டியால் குத்தினான். சிமா அழுதார், பிறகு குத்தியவனையே குற்றவாளி என்று குடும்பத்தோடு கொன்றார்.

வெகு காலம் கழித்து, சிம்மாசனத்தில் இருந்த ஒரு சிமா வாரிசு, நம் முன்னோர் எப்படி ஆட்சிக்கு வந்தார்கள் என்று அமைச்சரிடம் கேட்டான். கேட்டு முடித்ததும் படுக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இப்படி வந்த ஆட்சி எப்படி நிலைக்கும் என்றானாம். அந்த ஒரு முகத்தை நம்பித்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

ஆண்டு 38, நாள் 214. விளக்கணைக்கும் முன்

ஞானதிரவியம் சிறை அறையிலிருந்து அழைத்தார்.

"பதிவாளரம்மா, நீங்க எல்லாத்தையும் கேட்டுட்டுதான இருந்தீங்க. நாளைக்கு வந்து சொல்லுங்கம்மா."

சத்தியத்தைச் சொன்னேன். இருபத்தைந்து ஆண்டில் அவர் பெயர் சுத்தமாகும் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"எம் பேரு அப்ப சுத்தமாயி எனக்கு என்ன பிரயோசனம்? எனக்கு நாளைக்கு மூச்சு வேணும்மா. கிருபைக்கு நாலு வயசு. அவ கொலைகாரன் மவளாவா வளரணும்?"

தொடர்பு நின்றது.

ஆண்டு 38, நாள் 215. விடியல்

முடிவு செய்துவிட்டேன். சத்தியம் போகட்டும். சபையில் சொல்லப் போகிறேன். மூத்தவன் என்ற மரியாதைக்கு அண்ணனை அழைத்து முதலில் அவனிடமே சொன்னேன்.

"மங்கை, என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கே?"

"நடந்ததை."

"நம்ம நித்திலாவை நெனச்சுப் பாத்தியா? நாளைக்கு அவ இங்க எப்படித் தலை நிமிந்து நடப்பா?"

நினைத்தேன். அவன் மகள் என் மடியில் தூங்கி வளர்ந்தவள். அதனால்தான் சொல்கிறேன் என்றேன். சரி, உன் இஷ்டம் என்றான். அவன் குரலில் கோபமே இல்லை.

நாள் 215. காலை

பதிவறைக் கதவு திறக்கவில்லை. உள்தொடர்பில் கத்தினேன், என் குரல் வெளியே போகவில்லை. அவன் குரல் மட்டும் வருகிறது.

"மங்கை, கதவு பழுதாம். ஆள் அனுப்பறேன், பதறாதே."

மட்டி நான். மட்டி. கொலை செய்தவனிடம் போய் முன்கூட்டியே சொல்லி.

215

காற்று குறைகிறது. ஊதுகுழாயில் கை வைத்தேன், ஒன்றும் வரவில்லை.

சபை அறிவிப்பு கேட்டது. ஞானதிரவியத்தை வெளியே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அவர் மகள் பெயரைச் சொன்னாராம்.

நேற்றே போயிருக்கலாம். நேற்று கதவு திறந்துதான் இருந்தது. வரலாறு பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருந்தேன்

தலை சுற்றுகிறது

படிப்பவரே, யாராக இருந்தாலும், சபையில் படியுங்கள். உரக்க. ஞானதிரவியம் கொல்லவில்லை. கிருபையிடம் முதலில்

ஆண்டு 63, நாள் 215. தலைவர் நித்திலா, வைரவநாதனின் மகள்

கடைசிக் குறிப்பின் முத்திரையும் இன்று காலை தானாகத் திறந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன்.

அத்தை கதவுப் பழுதில் இறந்தார் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். படுக்கையில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டேன். மூடிய பிறகுதான் அந்தச் சிமா வாரிசு நினைவுக்கு வந்தான். வெகுநேரம் அழுதேன். அத்தை சரியாகத்தான் கணித்திருந்தார்.

பிறகு எழுந்து முகம் கழுவினேன்.

சபையில் பாதி ஷென் குடும்பத்தார். இதைப் படித்தால் அடுத்த வாரம் நாற்காலி அவர்களுடையது, காற்றும் அவர்களுடையது. என் பிள்ளைகளோடு நான் எங்கே போவேன்? வெளியேறிப் போக இடமில்லாத ஊர் இது.

சபையில் படிக்கும்படி எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டு, பதிவை மேலும் இருபத்தைந்து ஆண்டுக்கு முத்திரையிடுகிறேன்.

கிருபை காலையிலிருந்தே வாசலில் காத்திருந்தாள். இந்த நாளுக்காக வருஷக் கணக்காகக் காத்திருந்தவள். அப்பாவைப் பற்றி ஏதாவது இருந்ததா என்று கேட்டாள்.

ஒன்றும் இல்லை என்றேன். தேடிப் பார்த்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.