தெருமுனையில் கசாயச் சக்கை

கோபம் தீராத என் அக்காவுக்கு,

நடனத் திடலில் நாம் சண்டை போட்ட முன்வரிசை நடு இடம் இப்போது எனக்குத்தான். விசிறியைச் சுழற்றிக்கொண்டு நான் உட்கார்ந்து எழுந்தால் லோயாங் நகரமே நின்று பார்க்கிறது. கொஞ்ச நாளாக உங்களைத் திடலில் காணோம். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

நேற்றுக் காலை நம் தெருமுனையில் யாரோ கசாயச் சக்கையைக் கொட்டியிருந்தார்கள். வழியில் போகிறவர்கள் மிதித்தால் நோய் அவர்களோடு போய்விடும் அல்லவா? கூட வந்த பெங் சியூலான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, சுத்திப் போடி! வலி உனக்கு ஒட்டிக்கப் போகுது."

குனிந்து பார்த்தேன். 'மாட்டு முழங்கால்' என்கிற மூலிகை வேர், லவங்கப்பட்டை, கசப்பு தெரியாமலிருக்க நீங்கள் மட்டும் சேர்க்கும் சிவப்பு இலந்தை. போன குளிர்காலம் முழுக்க என் மூட்டுவலிக்கு நீங்கள் காய்ச்சிக் கொடுத்த அதே கசாயம்.

செருப்போடு ஏறி நின்று, இரண்டு காலாலும் நன்றாக மிதித்தேன்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் சியூலான்.

வரட்டும் உங்கள் வலி. என் முழங்கால் தாங்கும். அதைத் தேற்றியது லேசுப்பட்ட கை இல்லை.

சனிக்கிழமை வாருங்கள், அரையடி நகர்ந்து நிற்கிறேன். கெஞ்சுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கசாயம் குடித்து எழுந்தவள்