மெமரி கார்டுகளைத் திரும்பப் பெற வேண்டி, என்மீதே நான் அளிக்கும் புகார்

அனுப்புநர்:
வைசன் நமலோம்பா (வயது 41),
மெமரி கார்டில் பாட்டு, படம் ஏற்றும் கடை,
மாவு மில்லுக்கு எதிரில்,
ம்பலாமே சந்தை, சோம்பா மாவட்டம், மலாவி.

பெறுநர்:
மாவட்ட ஆணையர் அவர்கள்,
சோம்பா.

பொருள்: எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசிகளில் உள்ள வெறுப்பு வீடியோவை அழிக்கவும், மாணவி தகோண்டுவா மீண்டும் பள்ளி செல்ல வழிசெய்யவும் வேண்டுவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிறவியிலேயே தோலில் நிறமில்லாதவன். பதினோரு வருடமாக இந்தச் சந்தையில் கடை வைத்திருக்கிறேன். இணையத்துக்குக் காசு போட இங்கே எல்லாராலும் முடியாது. ஒருவர் இறக்கியதை வாங்கி மற்றவர் கார்டில் ஏற்றித் தருவதே என் பிழைப்பு. கண்பார்வையும் மந்தம்; மூக்கு திரையில் முட்டினால்தான் எழுத்து தெரியும். ஆகவே எதையும் பார்த்து ஏற்றுவதில்லை, ஃபோல்டரோடு அப்படியே ஏற்றிவிடுவேன். இப்புகார் முதலில் என்மீதுதான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எனக்கு மனைவி மக்கள் கிடையாது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் என் கடையில் கூடிப் பாட்டுக் கேட்பார்கள், என் தொப்பியைக் கேலி செய்வார்கள். என் நாளில் பேச்சுத்துணை இருந்த நேரம் அது ஒன்றுதான். கடந்த மார்ச் மாதம் ஒரு மாணவன் ‘சிரிப்பு’ என்று பெயரிட்ட ஃபோல்டரைக் கொண்டுவந்தான். அறுபது கார்டுகளுக்கு மேல் ஏற்றினேன். பிள்ளைகள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.

3. அதில் ஒரு வீடியோ. பேசுகிறவன் யார், எந்த ஊர் என்று தெரியாது. எங்களைப் போன்றவர்கள் மனிதரே அல்ல, பேய்களாம். நாங்கள் சாவதில்லை, ஒருநாள் மறைந்துவிடுவோமாம். அதற்குள் பிடித்துக் கொடுப்பவன் பணக்காரன் ஆவான் என்கிறான். பின்னால் துள்ளலான பாட்டு வேறு. “அண்ணே, நீங்க எப்போ மறையப்போறீங்க? சொல்லிட்டுப் போங்க, போன்ல எடுக்கணும்” என்று ஒரு பையன் கேட்ட பிறகே, கடையைச் சாத்திவிட்டு அதை முழுவதும் பார்த்தேன்.

4. என் நிறத்தில் இவ்வூரில் இன்னொரு ஆள் தகோண்டுவா மட்டுமே. பதின்மூன்று வயது, கணக்கில் கெட்டிக்காரி. வகுப்பில் அந்த வீடியோவின் பாட்டைக் கோரஸாகப் பாடத் தொடங்கியதும் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் கடைக்கு வந்து, “மாமா, நாம செத்தா நம்ம உடம்பு இருக்குமா, இருக்காதா?” என்று கேட்டாள். என்னிடம்தானே அவள் கேட்க முடியும்? இறந்துபோன என் அண்ணனும் எங்கள் நிறம்தான். மந்திரவாதிகளுக்கு எலும்பை விற்க எங்களவர் குழிகளைத் தோண்டுகிறவர்கள் உண்டென்பதால் அவன் குழியைச் சிமெண்டால் மூடியிருக்கிறோம். மறைந்துவிடுகிறவனுக்குச் சிமெண்ட் எதற்கென்று அந்த வீடியோக்காரனை யாரும் கேட்கவில்லை. அதை அவளுக்குக் காட்ட இடுகாட்டுக்கு அழைத்துச் சென்றேன்.

5. சாவு விழாத நாளில் இடுகாட்டுக்குள் கால் வைப்பவனைச் சூனியக்காரன் என்பது எங்கள் ஊர் வழக்கம். தெரிந்தே போனேன், அது என் இரண்டாவது தவறு. சிமெண்டின் மேல் கை வைத்து, “பெரிய மாமா இங்கதான் இருக்காரா?” என்றாள். “இங்கதாம்மா இருக்கான்” என்றேன். வெகுநாள் கழித்து அவள் முகம் தெளிந்தது. மரத்தின் பின்னால் நின்ற பிள்ளைகள் அதைப் படமெடுத்து, பேய்கள் தங்கள் வீட்டுக்குப் போகின்றன என்று எழுதி இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஊர்த்தலைவர் எனக்கு ஓர் ஆடு அபராதம் விதித்தார். கொடுத்துவிட்டேன், அதில் எனக்குக் குறையில்லை. அன்றிலிருந்து கடைக்கு யாரும் வருவதில்லை. தகோண்டுவாவை அவள் தாய் வெளியே விடுவதில்லை.

6. புறக்காவல் நிலையத்தில் முறையிட்டேன். “ரெண்டு பேரும் கொஞ்ச நாள் வீட்டோட இருங்க, தானா அடங்கிடும்” என்றார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். வீட்டில்தான் இருக்கிறேன், ஐயா. சுவரோடு பேசிச் சலித்துவிட்டது.

ஆகவே, பள்ளியில் எல்லாக் கார்டுகளையும் ஒரே நாளில் வாங்கித் தர உத்தரவிட்டால், அந்த வீடியோவை நானே அழித்துத் தருவேன். கண் வலித்தாலும் இம்முறை ஒவ்வொன்றையும் பார்த்தே செய்வேன். பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம். அவர்கள் அதை வாங்கியது என் கையிலிருந்து. தகோண்டுவா பள்ளிக்குப் போய்வர ஒரு பெரியவரைத் துணைக்கு அமர்த்துங்கள். அவள் ஒரு நாள் வராவிட்டாலும் அன்றே வீட்டில் விசாரிக்கும்படி ஆசிரியருக்குச் சொல்லுங்கள்.

என்றாவது அவளோ நானோ காணாமல் போனால், மறைந்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லும். அதையே எழுதிக் கோப்பை மூடிவிடாமல், எங்களைத் தேடச் சொல்லுமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ம்பலாமே சந்தை
நாள்: 14.06.2024

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வைசன் நமலோம்பா