ஏரிக்குள் இறங்கிய லாரிப் பாதை

என் வீட்டு மேலதிகாரி அம்மாளுக்கு,

உன் இடுப்புப் பிடிப்பு விட்டதா? நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம்.

"வயசாச்சு, வந்து சேருங்க" என்று எழுதியிருந்தாய். இங்கே மேற்பார்வையாளரும் அதே பாட்டைத்தான் பாடுகிறார். சுரங்கத்தை மூடியபின் பள்ளமெல்லாம் ஏரி, மண்மேடெல்லாம் காடு. சுற்றி நடக்க வருபவர்களுக்கு வழிகாட்டுவதுதான் இப்போது என் வேலை. ஏரியை ஒருமுறை முழுதாகச் சுற்றிக் காட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

செவ்வாயன்று பன்னிரண்டு பேரோடும் அவரோடும் கிளம்பினேன். பதினெட்டு வருடம் லாரி ஓட்டிய பாதையாயிற்றே என்ற திமிரில் குறுக்குவழியில் கூட்டிப்போனேன். பாதை நேராக ஏரிக்குள் இறங்கியது. பேசிக்கொண்டே நானும் இறங்கினேன், இடுப்பு வரை. கவலைப்படாதே, நனைந்தது செருப்பும் கால்சட்டையும் கௌரவமும் மட்டும்தான்.

"போதும்ணே, பின்னாடி வர்ற வண்டியில ஏறுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"இந்தப் பள்ளத்து மண்ணை வெளிய சுமந்தவன் சார் நான். சுத்தி முடிக்காம ஏறமாட்டேன். உங்களுக்குக் கால் வலிச்சா நீங்க ஏறுங்க!"

ஒன்பது கிலோமீட்டரையும் நடந்து முடித்தேன். கடைசி மேட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தது அவர்தான். வேலை என்னிடமே இருக்கிறது.

முட்டிக்குத் தடவும் தைலம் ஒரு புட்டி அனுப்பு. உடையாமலிருக்க உன் பழைய புடவையில் சுற்று. துவைக்க வேண்டாம், நேரம் வீணாகும். கடிதத்தில் இன்னும் நாலு வரி கூடுதலாகத் திட்டு; போன கடிதத்தில் திட்டியது சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

வாசலில் இருபது பேர் காத்திருக்கிறார்கள். கிளம்புகிறேன், ஊருக்கு அல்ல, ஏரிக்கு.

செருப்பு இன்னும் காயாத
உன் வீட்டுக்காரன்