ஒரு வேளைச் சாப்பாடு

சாந்தன்பாறை
12.7.1976

அன்பு மகள் வேலுத்தாய்க்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடி இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பூமாரியும் நல்லபடி இருப்பீர்கள் என்று வழக்கம்போல் எழுத மனம் வரவில்லை. போன கடிதத்தில் நீ, பிள்ளை பெற்று எட்டு மாதமாகியும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், கோயிலுக்குக்கூடப் போவதில்லை, மாப்பிள்ளையிடம் விரதம் என்று சொல்லியிருக்கிறேன் என்று சாதாரணமாக எழுதிவிட்டாய், படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அடி பெண்ணே, அந்த விரதத்தை நான் இருபத்திரண்டு வருடம் இருந்தவள். உனக்கு ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள், எனக்கு உன்னைப் பெற்றபோது கீழே கிழிந்து, அன்றிலிருந்து வெளிக்குப் போவதை அடக்க முடியாமல் போயிற்று. ஏலச்செடியின் தூரடியில் குந்திக் காய் எடுக்கும்போது சேலையில் பட்டுவிடும், வாடை யாருக்கும் தெரிந்துவிடுமோ என்று கடைசி ஆளாகத் தள்ளியே இருப்பேன், சாப்பிட்டால்தானே வெளிக்கு வரும் என்று மத்தியானச் சோற்றைக் குரங்குக்குப் போட்டுவிடுவேன். உன் பிரசவத்துக்கு வராததற்குக் காரணம் கங்காணி லீவு தராதது இல்லை, இதுதான், ரயிலில் என்ன ஆகுமோ என்ற பயம். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

போன வருடம் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்த நர்ஸ் இன்பமேரி, நான் ஓடையில் தனியாகச் சேலை அலசுவதைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். மதுரையில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் இதற்கென்றே ஒரு பயிற்சியைக் கற்றவளாம். கையுறை மாட்டி விரல் வைத்துப் பார்த்து, காற்றை அடக்குவதுபோல் உள்ளே இழு, பத்து எண்ணு, விடு என்றாள், வெட்கத்தில் கண்ணையே திறக்கவில்லை நான். கூடக் காய் எடுத்தால் கூடக் கூலி என்று பழகிய புத்தி, பத்து போதுமா என்று காலை மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் காய் நிறுக்கும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வேலை செய்தேன். ஒரே வாரத்தில் வெளிக்கே போக முடியாமல் அடைத்துக்கொண்டு வலி, புற்று என்றே நினைத்து அழுதேன். "யக்கா, பத்து எண்ணுன்னா பொழுதன்னைக்கும் இறுக்கிக்கிட்டா அலைவ? விட்டாத்தான அடுத்து இறுக்க முடியும்" என்று இன்பமேரி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னபடி செய்து ஆறு மாதமாகச் சேலை கெடவில்லை, வயிறு இளகினால் மட்டும் இன்னும் பயம்தான்.

நீ இதைப் பார்த்து நீயாகச் செய்யாதே, என்னைப்போல் கெடுத்துக்கொள்வாய், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே வாய்விட்டுக் கேள். சோற்றை நிறுத்தாதே, பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது. நான் நினைப்பது தப்பானால் அம்மாவைத் திட்டி எழுது, சந்தோஷப்படுவேன். சரியானால் ஆமாம் என்று ஒரு சொல் போதும். மாப்பிள்ளை பார்க்குமுன் இதைக் கிழித்துவிடு, இல்லை, காட்டினாலும் காட்டு.

பூமாரியும் நீங்களும் நோயில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஆடி முடியுமுன் உன் பதில் வராவிட்டால் போடி பஸ்ஸில் ஏறி, ரயில் பிடித்து அங்கேயே வந்துவிடுவேன். மாற்றுச் சேலை நான்கு மடித்து வைத்துவிட்டேன், வழியில் என்ன ஆனாலும் ஆகட்டும்.

இப்படிக்கு, பயந்துபோயிருக்கும் உன் அம்மா
அழகுத்தாய்