மூன்றாம் கிணற்றின் ஒன்பதாம் நிமிடம்

அனுப்புநர்:
ஸ்டென்கா பவ்லினிச்,
நீர் ஆய்வாளர், நகர நீர் வழங்கல் நிலையம்,
ப்ரெஸ்டோவ் ப்ரோட், ஸ்லவோனியா, குரோஷியா.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: மூன்றாம் கிணற்றை மூடக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் ஆய்வகத்தில் திரவ நிறப்பிரிகைக் கருவி ஒன்று உள்ளது. தண்ணீர் மாதிரியை அதன் மெல்லிய குழலில் அழுத்தித் தள்ளினால், கலந்துள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் தத்தம் நேரத்தில் வெளிவந்து வரைபடத்தில் முகடாகப் பதியும். வாங்கிய நாள்முதல் அதன்மேல் காபித் தட்டுதான் இருந்தது. கடந்த மார்ச்சில் தட்டை இறக்கிவிட்டு, மழலையர் பள்ளிக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன்.

2. ஒன்பதாம் நிமிடத்தில் ஒரு முகடு எழுந்தது. தூய அட்ரசினைச் செலுத்தியபோதும் அதே நிமிடம். மக்காச்சோளக் கொல்லைகளில் ஒரு காலத்தில் அடித்து, பின்னர் தடை செய்யப்பட்ட களைக்கொல்லி அது. அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு இருந்தது. புது மாதிரிகள் எடுத்து நான்கு முறை பார்த்தேன். முகடு நேரம் தவறாமல் வந்தது. எங்கள் ஊர்ப் பேருந்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பள்ளிக்குத் தண்ணீர் வருவது மூன்றாம் கிணற்றிலிருந்து.

3. மேலாளர் திரு. திஹொமிர் லோவ்ரிச்சிடம் தெரிவித்தேன். அவர் கூறியது: “முப்பது வருஷமா இதத்தான் குடிக்கிறோம் ஸ்டென்கா. உன் மெஷினுக்குத்தான் ஒத்துக்கல போல.” மறுநாள் அவரே ஒரு புட்டியில் மாதிரி கொண்டுவந்தார். அதில் ஒன்பதாம் நிமிடம் வெறுமையாக இருந்தது. மூடியைத் திறந்ததும் அது நுரைத்தது என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன். எங்கள் குழாயில் இதுவரை சோடா வந்ததில்லை.

4. அந்த முடிவைக் கொண்டு தரச் சான்று எழுதப் பணிக்கப்பட்டேன். மறுத்தேன். தற்போது நகர நீச்சல் குளத்தில் குளோரின் அளக்கிறேன். காற்றோட்டமான வேலை, குறையில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் இருபத்தாறு குழந்தைகள் உள்ளனர்.

5. பள்ளிச் சமையலர் மாந்தாவிடம் மட்டும் விவரம் சொன்னேன். அன்றுமுதல் அவர் வேறு கிணற்று நீர் வரும் சந்தைத் திடல் குழாயிலிருந்து கைவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து சூப் வைக்கிறார், குழந்தைகளுக்குக் குடிக்கவும் கொடுக்கிறார். கடந்த திங்களன்று மேலாளர் தம் மகளைப் பள்ளியில் விட வந்தபோது ஒரு புட்டியை நீட்டி, “இது எங்க பாப்பாவுக்கு மட்டும் குடுங்க” என்றாராம். “சரி தம்பி. மத்த இருபத்தஞ்சு பேருக்கு எப்போ கொண்டு வருவீங்க?” என்று மாந்தா கேட்டிருக்கிறார்.

6. அன்று மாலை மேலாளர் குளத்துக்கு வந்தார். என்னிடம் சொன்னார்: “நீ எழுதி அனுப்பு. நான் கையெழுத்து போட்டா வேலை போயிடும். மேலிடத்து உத்தரவு இல்லாம மூடவும் முடியாது. இத வச்சுக்கோ.” கிணற்றறைச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அவர்மீது நடவடிக்கை எதுவும் நான் கோரவில்லை.

தாங்கள் முன்னறிவிப்பின்றி வந்து, என்னிடமுள்ள சாவியால் கிணற்றறையைத் திறந்து, தங்கள் கையாலேயே மாதிரி எடுத்து, அக்கிணற்றை மூட உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். மாந்தாவுக்கு வயது அறுபத்திரண்டு. நாளொன்றுக்கு எட்டு நடை நடக்கிறார். ஆகவே, கூடுமானால் இந்த வாரமே.

இணைப்பு: வரைபடங்கள் நான்கு.

இடம்: ப்ரெஸ்டோவ் ப்ரோட்
நாள்: ஜூன் 12

இப்படிக்கு,
ஸ்டென்கா பவ்லினிச்